ஒடிசியஸின் வில்லும் நாஞ்சில் நாட்டு வில்லும்

  இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் கிரேக்க வீரர் கதைகள். பகவதி அம்மன் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே, இந்த மண்டைக்காட்டில் நின்றுகொண்டு கிரேக்க தேசத்துக் கதை எதற்கு என்று யாராவது கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சின் வேலை.

டிசம்பர் கடைசி வாரத்தில் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்குகிறது. தெருமுனையில் பிள்ளைகள் குடில் கட்டுகிறார்கள். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா; தேர் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் பஸ் ஏறுகிறார்கள். சென்னையில், திருவனந்தபுரத்தில், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளோடு ஊர் வந்து சேர்கிறார்கள். ஆச்சிமார் முந்திரிக்கொத்து சுட்டு டின்னில் அடைத்து வைத்திருக்கிறார்கள். இப்படி வந்து இறங்கும் பிள்ளைகளில் பலரின் பையில் இப்போது ஒரு கிரேக்கக் கதைப் புத்தகம் இருக்கிறது. சிலருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த விடுமுறை வேலை. சிலருக்கு அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் 2005-இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் நாவல்கள். எது வழியாக வந்தாலும் பெயர்கள் அவைதான்: பெர்சியஸ், தீசியஸ், ஹெராக்கிளிஸ், அக்கிலீஸ், ஒடிசியஸ்.

நல்ல கதைகள். பெர்சியஸ் கதையையே பாருங்கள். பேரன் கையால் சாவு என்று குறி கேட்ட ஒரு ராஜா, தன் மகளையும் அவள் பெற்ற பச்சைக் குழந்தையையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விடுகிறான். பெட்டி அலையில் மிதந்து ஒரு தீவில் ஒதுங்குகிறது. அதை இழுத்துக் கரை சேர்த்தவர் யார்? ராஜா இல்லை, முனிவர் இல்லை. டிக்டிஸ் என்ற மீனவர். அவர் வீட்டில்தான் அந்தக் குழந்தை வளர்கிறான். வளர்ந்தபின் மெடூசாவின் தலையை வெட்டுகிறான். பாம்புத்தலை மெடூசா எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். டிக்டிஸைத் தெரிந்தவர்கள் குறைவு. கடற்கரையில் பிறந்த பிள்ளைகளாவது அந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும். அந்த வலைக்காரர் இல்லையென்றால் பெர்சியஸ் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வீரன் என்றால் பேயை வெட்டுகிறவன், அரக்கனை அடிக்கிறவன், இவ்வளவுதானா? கிரேக்கர்கள் அப்படித்தான் நினைத்தார்களா?

இல்லை. இங்கேதான் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் ஒரு பெரிய விஷயத்தை விட்டுவிடுகின்றன. பழைய கிரேக்கத்தில் வீரன் என்பவன் முதலில் இறந்து போனவன். ஊருக்குள் அவனுக்கு ஒரு சமாதி உண்டு. அந்த இடத்தில் ஆட்டை அறுத்து ரத்தத்தை மண்ணில் விடுவார்கள். அவன் மனம் குளிர்ந்தால் ஊருக்குக் காவல். அவனை மறந்தால் ஊருக்குக் கேடு. ஒலிம்பியாவில் பெலாப்ஸ் என்ற வீரனுக்கு ஆண்டுதோறும் கறுப்புக் கிடாய் பலி கொடுத்தார்கள். கறுப்புக் கிடாய்! இந்தச் சொல்லைக் கேட்டதும் சுடலைமாடன் கோயில் நினைவு வராத ஆள் இந்த அவையில் இருக்க முடியுமா?

இன்னும் கேளுங்கள். அஸ்டிபலையா என்ற தீவில் கிளியோமிடிஸ் என்றொரு குத்துச்சண்டை வீரர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஒலிம்பிக் போட்டியில் எதிராளி செத்துப் போனதால் வெற்றியைப் பறித்துக்கொண்டார்கள். அந்த வேதனையில் புத்தி பேதலித்தது. ஊர் திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தின் தூணைச் சாய்த்தார். கூரை விழுந்து பிள்ளைகள் மாண்டார்கள். ஊர் கல்லெடுத்துத் துரத்தியது. கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டார். பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. டெல்பியில் போய்க் குறி கேட்டார்கள். வந்த வாக்கு என்ன? அவருக்குப் பலி கொடுத்து வணங்குங்கள் என்று! பௌசானியஸ் என்ற பயண எழுத்தாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு பிள்ளை இதைப் படித்தால், கொலை செய்தவனுக்கு ஏன் கும்பிடு என்று குழம்பும். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வருமா? கோபத்தோடு போன உயிரை அப்படியே விடக்கூடாது, அமர வைத்துப் படையல் போட வேண்டும் என்பது நம் ஆச்சிமாருக்குச் சாதாரண சங்கதி.

இந்தப் பேச்சு சொல்ல வந்தது இதுதான்: கிரேக்க வீரர்களை உள்ளபடி புரிந்துகொள்ளும் வழி நம் பிள்ளைகளின் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. விடுமுறைக்கு வந்து தங்கியிருக்கும் ஆச்சி வீட்டில் இருக்கிறது. வில்லுப்பாட்டில் இருக்கிறது. பிள்ளைகள் புத்தகத்தையும் படிக்கட்டும், வில்லையும் கேட்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்லும்.

வெறும் வாயால் சொன்னால் போதாது. இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை எடுத்துக்கொள்வோம். வேணாட்டின் படைத்தலைவர், தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள கேரளபுரத்துக்காரர். 1635-ஐ ஒட்டி, மதுரைத் திருமலை நாயக்கரின் படை தெற்கே இறங்கியபோது, நாகர்கோவிலை ஒட்டிய கணியாகுளத்தில் எதிர்த்து நின்று மாண்டவர். அந்தப் போர் கதைப்பாடலாகி இந்த மாவட்டத்தில் பாடப்பட்டு வந்திருக்கிறது. பாட்டில் என்ன வருகிறது? போருக்குப் போகும் அன்று தாய்க்குக் கெட்ட கனவு. மனைவிக்குக் கெட்ட கனவு. போகாதே என்று இருவரும் தடுக்கிறார்கள். அவர் கேட்கவில்லை. கூட வந்த பிள்ளைமார் களத்தில் கைவிடுகிறார்கள். தனியாக நின்று போரிட்டு விழுகிறார். வெட்டிய தலையை நாயக்கரின் பாளையத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

இனி கிரேக்கக் கவி ஹோமரின் இலியட்டைத் திறக்கலாம். டிராய் நகரத்து வீரன் ஹெக்டர். கோட்டை வாசலில் மனைவி அண்ட்ரோமகி கைக்குழந்தையோடு நின்று, போகாதே, என்னை விதவையாக்காதே என்று அழுகிறாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் மதிலுக்கு வெளியே தனியாக நின்று அக்கிலீஸின் கையில் மாள்கிறான். அவன் உடலைத் தேரில் கட்டி இழுத்துப் பகைவர் பாளையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இங்கே கேரளபுரம், அங்கே டிராய். இடையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். ஆனாலும் தாயின் பயம் அதுதான், மனைவியின் அழுகை அதுதான், போய்விட்டவனின் பிடிவாதமும் அதுதான்.

ஒப்புமை இத்தோடு நிற்கவில்லை. ஹெக்டரின் கிழட்டுத் தகப்பன் பிரியாம், ராத்திரியோடு ராத்திரியாகப் பகைவன் கூடாரத்துக்குப் போகிறார். தன் மகனைக் கொன்ற கையைப் பிடித்து முத்தமிட்டு, உடலைத் தா என்று கெஞ்சுகிறார். அக்கிலீஸுக்குத் தன் தகப்பன் நினைவு வந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். உடல் கிடைக்கிறது. நம் கதையில் போவது காளி நாயர். இரவிக்குட்டிப் பிள்ளையோடு பழகி வளர்ந்தவர். நாயக்கரின் பாளையத்துக்குள் தனியாகப் போய், தலையைக் கேட்டு வாங்கி வருகிறார். அந்தத் துணிச்சலை மதித்து நாயக்கர் கொடுத்தார் என்பது கதை. எதிரியிடம் போய் இறந்தவனைக் கேட்டு வாங்கி, முறைப்படி அடக்கம் செய்தால்தான் கதை முடியும். ஹோமரும் டிராயின் வீழ்ச்சியோடு இலியட்டை முடிக்கவில்லை. மரக்குதிரை அதில் வருவதே இல்லை. பகை நாட்டு வீரன் ஹெக்டரின் ஈமக்கடனோடு முடிக்கிறார்.

வீரன் குற்றமில்லாதவனா? பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. ஹெராக்கிளிஸ் பன்னிரண்டு சாதனைகள் செய்தான் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஏன் செய்தான் என்பதைப் பல புத்தகங்கள் சொல்லுவதில்லை. வெறிபிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றுவிட்டான். அந்தப் பாவத்தைத் தீர்க்கத்தான் பன்னிரண்டு வேலைகளும். தீசியஸ், தன்னைச் சுருள்வழிக் கோட்டையிலிருந்து காப்பாற்றிய அரியாட்னியைத் தீவில் தூங்க விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன். கிரேக்கர்கள் இதையெல்லாம் மறைக்கவில்லை.

நம் பாட்டுக்காரர்களும் மறைக்கவில்லை. இங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் குளச்சல். 1741-இல் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்த கடற்கரை. வெற்றித் தூண் நிற்கிறது. விடுமுறையில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். காட்ட வேண்டிய இடம்தான். ஆனால் அதே ராஜா தம்பிமார் கதை என்ற பாட்டில் வேறு ஆளாக வருகிறார். முந்தைய ராஜா ராம வர்மா, சுசீந்திரம் திருவிழாவில் அபிராமி என்ற பெண்ணைக் கண்டு மணக்கிறார். பிறந்த பிள்ளைகள் பப்புத் தம்பி, ராமன் தம்பி. மருமக்கள் வழிப்படி பட்டம் மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்குப் போகிறது. பிள்ளைகள் உரிமை கேட்கிறார்கள். நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் இருவரும் வெட்டுப்பட்டுச் சாகிறார்கள்; தங்கையும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு? கொல்லப்பட்டவர்கள் தெய்வமாகிப் படையல் வாங்குகிறார்கள். ஒரே அரசர், ஒரே சிறிய நிலப்பரப்பு: குளச்சலில் அவருக்குத் தூண், கோயில் முற்றத்தில் அவரால் மாண்டவர்களுக்குப் பாட்டு. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் பிள்ளைக்கு வரலாறு எவ்வளவு ஆழமாகப் பிடிபடும்!

இந்த வரிசையில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. குளச்சலில் தோற்றுப் பிறகு திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்த டிலனாயின் நட்பால் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனவர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். புனிதர் வேறு, கதைப்பாடல் தெய்வம் வேறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரச அதிகாரத்தின் முன் பணியாமல் உயிரைக் கொடுத்தவரின் உடல் கிடக்கும் மண்ணை மக்கள் எவ்வளவு உயர்வாக வைக்கிறார்கள் என்பதற்கு இந்த மாவட்டத்தில் எல்லாச் சமயத்திலும் சாட்சி இருக்கிறது. ஏதென்ஸும் அதைச் செய்தது. கி.மு. 475-ஐ ஒட்டி, கிமோன் என்ற தளபதி ஸ்கைரோஸ் தீவில் தோண்டியெடுத்த எலும்புகளை, தீசியஸின் எலும்புகள் என்று சொல்லி ஊர்வலமாகக் கொண்டுவந்து நகர நடுவில் வைத்தார். ஓடிவந்த அடிமைகளுக்கும், வலியவனுக்கு அஞ்சிய எளியவர்களுக்கும் அந்த இடம் அடைக்கலமாக இருந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

சரி, வேறுபாடே இல்லையா? உண்டு. பெரிய வேறுபாடு உண்டு. கிரேக்க வீரர்களில் பெரும்பாலோர் ராஜ வம்சம். பலருக்குத் தாயோ தகப்பனோ தேவர்கள். நம் கதைப்பாடல்களிலோ அதிகாரத்தால் அடிபட்டவர்கள் மேலே எழுந்து நிற்கிறார்கள். முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்தார், 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை விரும்புகிறான். அந்தப் பெண்களின் தகப்பன் வாலப்பகடை போட்ட நிபந்தனைப்படி பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாள்கிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குப் பக்தர்கள் இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். செருப்புத் தைத்த ஒருவனைத் தெய்வமாக்கிய கதை ஹோமரிடம் இல்லை. கிரேக்கம் படிக்கும் நம் பிள்ளை தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது வில்லுக்கு வருவோம். ஒடிசி காவியத்தில் ஓர் இடம். இருபது ஆண்டுகள் கழித்து, பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வந்து நிற்கிறான் ஒடிசியஸ். அவன் மனைவியை மணக்க வந்து கூடியிருக்கும் கூட்டத்தில் ஒருவனாலும் அந்தப் பழைய வில்லை வளைத்து நாணேற்ற முடியவில்லை. ஒடிசியஸ் கையில் வாங்குகிறான். திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பூச்சி அரித்திருக்கிறதா என்று சோதிக்கிறான். பிறகு, பாடகன் தன் யாழுக்கு நரம்பு பூட்டுவதைப் போல, சிரமமில்லாமல் நாணை ஏற்றுகிறான். விரலால் சுண்டுகிறான். நாண் பாடுகிறது. ஹோமருக்கு அது உவமை. நமக்கோ கண்ணால் காணும் காட்சி! இங்கே வில்லே வாத்தியம். ஆளுயரத்தையும் மிஞ்சி நீண்ட வில், அதில் வரிசையாக மணிகள், இழுத்துக் கட்டிய நாண், வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம், பக்கத்தில் உடுக்கையும் தாளமும். புலவர் இரண்டு கையிலும் வீசுகோலைப் பிடித்து நாணில் ஓர் அடி அடித்தால் மணிகள் மொத்தமும் குலுங்கும். ஒடிசியஸின் வில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசிக்கும் பிள்ளையை, ஒரு கோயில் கொடை ராத்திரியில் வில்லுக்கு முன்னால் உட்கார வையுங்கள்.

அந்த ராத்திரியில் இன்னொன்றும் நடக்கும். வில்லுப்பாட்டை இந்த மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் அதைக் கவனித்து எழுதினார். கதை சாவை நெருங்கும்போது வேகம் கூடும். வீரன் வெட்டுப்படும் இடம் பாட்டில் வரும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். செத்தவன் அந்த நிமிடத்தில் வந்து நிற்கிறான், வாக்குச் சொல்கிறான். ஒடிசியின் பதினொன்றாம் காண்டத்தில் ஒடிசியஸ் குழி தோண்டி, தேன் கலந்த பால், மது, தண்ணீர் விட்டு, மாவு தூவி, ஆட்டு ரத்தத்தைச் சரிக்கிறான். இறந்தவர்களின் நிழல்கள் கூட்டமாக வருகின்றன. ரத்தத்தைக் குடித்த பிறகுதான் வாய் திறக்கின்றன. அந்தக் கூட்டத்தில் அவன் தாயும் நிற்கிறாள். மகனைக் காணாத ஏக்கத்திலேயே செத்தேன் என்கிறாள். மூன்று முறை கட்டிப்பிடிக்கப் பார்க்கிறான். மூன்று முறையும் கை வெறுங்காற்றைத் தழுவுகிறது. கிரேக்க நாட்டில் அந்தப் படையல்கள் நின்று ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இங்கே இந்த ஆண்டும் படையல் உண்டு.

தமிழர் ஒருவர் இந்த இரண்டு உலகத்தையும் சேர்த்துப் படித்திருக்கிறார் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. 1960-களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் கீழ் ஆராய்ச்சி செய்தவர். சங்கப் பாட்டையும் ஹோமர் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூலை 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. அவருக்கு முன்னால் வழி காட்டியவர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும். 1930-களில் யூகோஸ்லாவியாவில் எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான வரிகளை வாயாலேயே கட்டிப் பாடியதைப் பதிவு செய்து, ஹோமர் காவியங்களும் அப்படிப் பிறந்தவையே என்று காட்டியவர்கள். நம் வில்லுக்காரர்கள் அதிலிருந்து சற்று வேறு. ஏட்டுப் பிரதியை ஒட்டிப் பாடுகிறவர்கள். அந்தப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் பதிப்பித்ததில் நாகர்கோவில் அ.கா. பெருமாள் அவர்களின் உழைப்பு பெரியது.

இன்னொரு தொடர்பும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய எரித்திரியக் கடல் பயண நூலில், குமரி முனையும் அங்கே நீராட வருகிறவர்களும், ஒரு காலத்தில் அங்கே நீராடிய தெய்வமும் வருகிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி ஆய் நாட்டைச் சொல்லி, குமரியையும், கோட்டாறு என்று அறிஞர்கள் கருதும் ஊரையும் குறிப்பிடுகிறார். நாம் அவர்கள் கதையைப் படிப்பதற்கு முன்பே அவர்கள் நம் கரையைப் பற்றி எழுதிவிட்டார்கள்!

அப்படியானால் இந்த விடுமுறையில் செய்ய வேண்டியது என்ன? ஒடிசியை எடுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா கேட்கட்டும். தகப்பன் கடல் கடந்து போய்விட, அவர் முகமே நினைவில்லாமல் வளரும் டெலிமாக்கஸின் கதையோடுதான் அந்தக் காவியம் தொடங்குகிறது. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைக்குமா? வாசித்து முடித்ததும் பெரியவர்களிடம் கேளுங்கள். நம் குடும்பக் கோயிலில் எந்தக் கதை பாடுவார்கள்? அந்தச் சாமி மனுசனாக இருந்தபோது எந்த ஊர்? யார் கொன்றார்கள்? எதற்காக? முதல் படையலைப் போட்டது யார்? ஒரே கதையை ஆச்சி ஒரு விதமாகவும் தாத்தா வேறு விதமாகவும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். கிரேக்கக் கதையும் அப்படித்தான்: டிராய்ப் போருக்குக் காரணமான ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, எகிப்தில் இருந்தாள் என்று கிரேக்கர்களிலேயே ஒரு கூட்டம் சொன்னது; யூரிப்பிடிஸ் அதை வைத்து நாடகமே எழுதினார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிரேக்க வீரர் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, பக்கத்திலேயே ஒரு நாஞ்சில் நாட்டு வீரரையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள். ராத்திரி முழுக்கப் பாடிய வில்லு பல இடங்களில் ஓரிரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. நீண்ட கதைகளை முழுதாகப் பாடத் தெரிந்த புலவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் கேட்க வந்தால் அவர்கள் பாடுவார்கள்.

மாசியில் நம் அம்மனுக்குக் கொடை. அதையடுத்துப் பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் வில்லுக் கட்டுவார்கள். புலவரிடம் முன்கூட்டியே போய் வணக்கம் சொல்லி, என்ன கதை, எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் அவரிடமும் கோயில் பொறுப்பாளர்களிடமும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமி ஆடும் நேரத்தில் போனை நீட்டாதீர்கள். தூக்கம் வந்தால் ஆச்சி மடியில் தலை வைத்துக்கொண்டு கேளுங்கள்.